யார் பக்கம் அதிகம் எரிந்தது?

"உங்க கணக்கும் என் கணக்கும் உதைக்குதுங்க," என்றார் போனில் பக்கத்து நாட்டு வனத்துறை அம்மாள்.

வரைபடக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காட்டுத்தீயில் எந்த நாட்டில் புதர்க்காடு அதிகம் எரிந்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். இருவரும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் இரு பக்கத்தையும் தனித்தனியாக அளப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் அறிக்கை அச்சுக்குப் போகும்.

"எங்க பக்கத்துப் புதர்ல பாதியை விட்டுட்டீங்களே?"

"அது புல்லுங்க. இடுப்பளவு வளர்ந்தாத்தான் எங்களுக்குப் புதர்."

"யாரோட இடுப்பு?"

வரைபடக்காரர் எழுந்து நின்று பார்த்தார். "நான் கொஞ்சம் உயரம்தான்."

அம்மாள் சிரித்தார். "எங்களுக்கு முழங்கால் போதும். சரி, சாப்பிட்டீங்களா?"

விட்டுக்கொடுத்துப் போவோம் என்று வரைபடக்காரர் முழங்காலுக்கு இறங்கினார். அம்மாளும் அதே பெருந்தன்மையோடு இடுப்புக்கு ஏறியிருந்தார். வித்தியாசம் அப்படியே இருந்தது, பக்கம்தான் மாறியிருந்தது.

"அப்ப நடுவுல, தொடையளவுன்னு வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பெண்மணியிடம் இப்படியா பேசுவது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வெச்சுக்கலாம், வெச்சுக்கலாம்," என்றார் அம்மாள்.

வைத்துக்கொண்டதில் எல்லையோரத்தில் ஒரு சரிவு இரண்டு நாட்டிலும் எரிந்ததாகிவிட்டது. அதை நீக்கப் போனார்கள். இருவருமே நீக்கியதில் அது எந்த நாட்டிலும் எரியவில்லை.

மேலதிகாரி அறைக்குள் வந்து கத்தினார். "எரிஞ்ச புதரே மறுபடி முளைச்சாச்சு, நீங்க இன்னும் அளந்துக்கிட்டு இருக்கீங்க! இந்த வாரம் முடிக்கலேன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

வரைபடக்காரர் போனைப் பார்த்தார். மனைவி போன பிறகு, சாப்பிட்டீங்களா என்று அவரைக் கேட்க அந்த அம்மாளின் குரலை விட்டால் நாதியில்லை. மகன் நலம் விசாரிப்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம்தான். வேலை கை மாறினாலும் போன் நின்றுவிடும், முடிந்தாலும் நின்றுவிடும்.

மறுநாள் மதியம், அவருடைய போதாத காலம், கணக்கு பொருந்திவிட்டது. ஒரு செடிகூட வித்தியாசமில்லை. அவருக்கு அழுகை வந்தது. கதவைச் சாத்திவிட்டு, வரைபடத்தில் எரிந்துபோன ஒரு முழுக் குன்றை எடுத்துப் பக்கத்து நாட்டுக்குள் தள்ளினார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு போன் போட்டார்.

எடுத்தது வேறு குரல். "அம்மா இன்னும் வரலீங்க. நான் வாட்ச்மேன் பேசறேன்."

"ஆபீஸ் நேரத்துல எங்கப்பா போயிட்டாங்க? கணக்கு பெரிசா உதைக்குதுன்னு சொல்லணும்."

"ஆபீஸ் நேரமா? அவங்க ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சே சார்! கணக்கு இன்னும் முடியலேன்னு சொல்லிக்கிட்டு, உங்க போனுக்காகத்தான் தினம் மதியம் பஸ் ஏறி வந்து உக்கார்றாங்க."