விழுப்புரம் மைதானத்தில் நான் அடித்த விசில்

புகுந்த வீட்டில் எல்லா மருமகள்களுக்கும் ஒரு பரீட்சை உண்டு. சிலருக்கு ரசம் வைப்பது, சிலருக்கு வாசல் கோலம், என் தோழி ஒருத்திக்கு மாமனாரின் அரசியல் பேச்சைக் கொட்டாவி விடாமல் கேட்டு முடிப்பது. எனக்கு வாய்த்தது கால்பந்து. பரீட்சை நடந்த இடம், விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் பழைய மைதானம். நான் வாங்கிய மார்க்கைப் பற்றி அந்த ஊரில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது திண்டிவனம். எங்கள் வீட்டில் விளையாட்டு என்றால் கிரிக்கெட். அதுவும் டிவியில், அதுவும் கரண்ட் இருந்தால். பெண் பார்க்க வந்த அன்று, ரயில்வேயிலிருந்து ரிட்டயரான என் வருங்கால மாமனார் கேட்ட ஒரே கேள்வி, "ஃபுட்பால் பிடிக்குமாம்மா?" என்பதுதான். அன்றைக்கு எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். (பாம்பு பிடிப்பாயா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.) ஆட்டினேன். அந்த நிமிடமே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று பின்னால் என் கணவர் சரவணன் சொன்னார்.

அந்த மைதானம் அவர்களுக்குக் குலதெய்வக் கோயில் மாதிரி என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே ஆட்கள் விளையாடுவதற்காகத் திருத்திய இடம். பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டு வேலி போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் கருங்கல் படிகளால் கட்டிய கேலரி. மாமா வெறுங்காலோடு, கோலுக்கு முன்னால் தடுத்து நிற்கும் பேக்காக ஆடியது அங்கேதான், அவருடைய அப்பா ஆடியதும் அங்கேதான். தெருவில் யாரையாவது எனக்கு அறிமுகப்படுத்தினால், அவர் என்ன வேலை பார்க்கிறார், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் மாமா சொல்ல மாட்டார். "இவரு லெஃப்ட் அவுட்" என்பார். அதோடு அறிமுகம் முடிந்தது. விழுப்புரமா, ரயில் மாறுகிற ஊர்தானே என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. ரயில் மாற இறங்குகிறவன் ஒரு மேட்ச் பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பேசட்டும் என்பார்.

கல்யாணமான இரண்டாவது மாதம், ஐப்பசி மழையில், ஒரு போட்டியின் ஃபைனல் வந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவில் அப்படி என்ன பகை என்று நீங்கள் நினைக்கலாம். பக்கத்தில் இருந்தால்தானே பகை. அந்த மைதானத்தில் திண்டிவனத்திடம் விழுப்புரம் தோற்றதே இல்லை என்பதை மாமா காலையில் பல் துலக்கும்போதே ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றைக்கு என்னை அழைத்துக்கொண்டு போய்ப் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் காட்டுவது அவர் திட்டம். அத்தைக்கு மட்டும் கொஞ்சம் யோசனை. பெண்ணுக்குப் பிறந்த ஊராச்சே என்று இழுத்தார்.

"அவ இப்ப விழுப்புரம்" என்றார் மாமா.

பைக்கில் போகும்போது, ஃபுட்பாலில் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சரவணனிடம் உடைத்துவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மைதானத்துக்குள் நுழைந்ததும் எனக்குப் பாடம் எடுத்தார்.

"தண்ணி டேங்க் தெரியுதா? அந்தப் பக்கம் இருக்கிற கோல்ல பந்து வுழுந்தா கைதட்டு. எதிர்ப்பக்கம் வுழுந்தா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கோ. அவ்ளோதான் ஃபுட்பால்."

இவ்வளவு எளிமையாக எனக்கு எந்த வாத்தியாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கேலரியில் நான் ஒருத்திதான் பெண். ஒரு பக்கம் மாமா, இன்னொரு பக்கம் அவர் காலத்து கோல்கீப்பர் தாமஸ். கையில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. விழுப்புரம் நீலச் சட்டை, திண்டிவனம் பச்சைச் சட்டை என்று மாமா காட்டினார். ஆனால் பெய்திருந்த மழையில் மைதானம் நாற்று நடுகிற பக்குவத்தில் இருந்தது. பத்து நிமிடத்தில் எல்லாச் சட்டையும் ஒரே சட்டை, சேற்றுச் சட்டை. மற்றவர்கள் ஓட்டத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தார்கள். எனக்குத் தண்ணி டேங்க் இருந்தது.

சொல்லிவைத்த மாதிரி, டேங்க் பக்கம் ஒரு கோல் விழுந்தது. எழுந்து நின்று கைதட்டினேன். கேலரியே தட்டியது. என்னைக் காட்டி மாமா தாமஸிடம் புருவத்தை உயர்த்தினார். தாமஸ் மரியாதையாகத் தலையசைத்தார். பரீட்சையில் பாஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் விழுப்புரத்துப் பையன் ஒருவனுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. சரவணன் அவனைப் பைக்கில் உட்காரவைத்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஜல்தி வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னார். போகிற அவசரத்தில், இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணிகளும் பக்கம் மாறி ஆடுவார்கள் என்ற ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

ஆட்டம் மறுபடியும் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் டேங்க் பக்கம் பந்து உள்ளே போனது. நான் துள்ளி எழுந்து கைதட்டினேன். கேலரி முழுக்க இழவு வீட்டு அமைதி. முதல் கோலுக்கே இவர்கள் களைத்துவிட்டார்கள் போல என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.

"ஏங்க, எல்லாரும் சும்மா உக்காந்துகினு இருக்கீங்க? பசங்க சேத்துல பொரண்டுகினு ஆடறாங்க. தட்டுங்க" என்றேன் தாமஸிடம்.

தாமஸ் மாமாவைப் பார்த்தார். மாமா மல்லாட்டைப் பொட்டலத்தைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ, திண்டிவனத்துப் பொண்ணு, ரத்தம் பேசுது என்று முணுமுணுத்தது கேட்டது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, திரும்பி அவருக்கு ஒரு புன்னகை வேறு கொடுத்தேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒரு பெனால்டி. டேங்க் பக்கம். கேலரியில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. சேற்றுச் சட்டைப் பையன் ஒருவன் பந்தை வைத்துவிட்டு, துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தான். பாவமாக இருந்தது. எனக்கு ஒரு திறமை உண்டு. இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தால், அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விட்ட டவுன் பஸ் நிற்கும். அண்ணன்கள் கற்றுக்கொடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு அடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊர் மானம் என்று வந்துவிட்டால் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

அடித்தேன். பையன் நிமிர்ந்தான். ஓடி வந்து உதைத்தான். கோல்.

கொஞ்ச நேரத்தில் நீண்ட விசில் ஊதி ஆட்டம் முடிந்தது. சேற்றுச் சட்டைகளில் பாதிப் பேர் நேராக கேலரியைப் பார்த்து ஓடி வந்தார்கள். என்னைப் பார்த்துத்தான். கேப்டன் பையன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்.

"மழைன்னு ஊர்லேர்ந்து எங்களுக்கு ஒரு ஆள்கூட வரலக்கா. நீங்க ஒருத்தர்தான் கத்துனீங்க. திண்டிவனத்துல எந்தப் பக்கம்க்கா?"

"மேம்பாலத்துக்குப் பக்கத்துல" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. அவன் காலரில் சேறு படாத ஒரு விரற்கடை இடம் இருந்தது. பச்சை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கனவு மாதிரி. கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். புதுப் புடவை முழுக்கச் சேறு. போட்டோ எடுத்தார்கள். திண்டிவனத்து அணியின் அறையில் அந்தப் போட்டோ இன்றைக்கும் மாட்டியிருக்கிறது. நடுவில் நான், பேயறைந்த முகத்தோடு. ஓரத்தில் மாமா, கண்ணெதிரே ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலிலேயே காத்திருந்த அத்தை, ஜெயிச்சோமா என்று கேட்டார்.

"உன் மருமவ ஜெயிச்சிட்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் மாமா.

நான் சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அப்பா வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தோன்றியது. கோப்பை ஜெயித்துக் கொடுத்தவள் என்று அங்கே வரவேற்பு பலமாக இருக்கும் என்பது மட்டும்தான் ஆறுதல். ஆனால் மாமா வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை என்றார். ஆனால் எதிராளி கேலரியில் ஒண்டியாக நின்றுகொண்டு பிறந்த ஊருக்காக விசில் அடிக்க ஒரு தில்லு வேண்டும், அந்த மாதிரிப் பெண் ஒரு ஊருக்கு வாழ வந்தால் அந்த ஊரையும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வீரப்பெண்ணாகவே இருந்துவிடுவது என்று தீர்மானித்து மூக்கை உறிஞ்சினேன்.

சரியாக அப்போதுதான் சரவணன் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே தண்ணி டேங்க் கதை முழுவதையும் சொல்லிவிட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். தோற்றபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வேதனை இல்லை.

"ஊர்ப் பாசம்னு நெனச்சி மனசைத் தேத்திக்கினேன். பாதியில பக்கம் மாறுவாங்கன்றதே தெரியாதாம்மா?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஆனால் என்னை விடவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு மேட்ச் பாக்கியில்லாமல் அழைத்துப் போனார். ஒவ்வொரு முறையும் இடைவேளை முடிந்ததும், நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "பக்கம் மாறிடுச்சும்மா" என்பார். முதலில் தாமஸும் சேர்ந்து சொன்னார். அப்புறம் அந்த வரிசை. இப்போது கேலரியே கோரஸாகச் சொல்கிறது. புதிதாக வரும் வெளியூர் அணிகள், இது ஏதோ விழுப்புரத்து வழக்கம் என்று நினைத்து மிரண்டு நிற்கின்றன. உண்மையாகவே வழக்கம்தான் ஆகிவிட்டது. நான் போகாத நாளில்கூடச் சொல்கிறார்களாம்.

போன மாதம் என் அம்மா வந்திருந்தபோது அவளையும் மேட்சுக்கு அழைத்துப் போனேன். இடைவேளை முடிந்தது. கேலரி மொத்தமும் என் பக்கம் திரும்பி, பக்கம் மாறிடுச்சும்மா என்றது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இத்தனை ஆண்பிள்ளைகள் ஒரே நேரத்தில் மகளை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டதில் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் உன்னைக் கேட்டுத்தான் ஆட்டத்தையே ஆரம்பிக்கறாங்களாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் சிரிப்பில் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"ஆமாம்மா" என்றேன்.