ராஜாவின் நான்கு காலும் பிசின் அண்ணாச்சியும்

ஓசூரில் கார் வைத்திருந்தவர்களுக்கும் நாய் வைத்திருந்தவர்களுக்கும் கண்கண்ட தெய்வமாக இருந்தவர் பிசின் அண்ணாச்சி. எனக்கு மட்டும் அவர் எதிரி. என்னிடம் கார் கிடையாது. நாய் இருந்தது.

எண்பதுகளில் எங்கள் கம்பெனி ஒரு பலாத் தோப்பை வாங்கி ஊழியர்களுக்கு வீடு கட்டியது. பாதி மரங்களை வெட்ட மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் பதினொன்று. நான் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன்; எதையும் எண்ணாமல் தாண்டிப் போக எனக்கு வராது. கோடையில் காய் வெட்டினால் காம்பிலிருந்து பால் வடியும். நிழலுக்கு நிறுத்திய கார்களின் மேல் சொட்டும், தரையில் குட்டை கட்டும். காய்ந்தபின் ஆணியால் நெம்பினாலும் வராது.

அண்ணாச்சி எனக்கு எதிர்வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு, கல்யாணம் ஆகாதவர். எந்தப் பொருளிலும் இன்னொரு பொருள் ஒட்டிக்கொண்டிருப்பதை அவரால் சகிக்க முடியாது. ஒருமுறை பர்கூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டவர், பஸ் ஜன்னல் கண்ணாடியில் வேப்பம் பிசின் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். இட்லிப் பொடிக்கு என்று டப்பாவில் வைத்திருந்த நல்லெண்ணெயை அதில் தடவி, ஊறவைத்து, துண்டால் துடைத்து முடித்தபோது பஸ் பர்கூரை எப்போதோ தாண்டியிருந்தது. கல்யாணம் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. "கண்ணாடிய நீங்க பாக்கணுமே சார், மொகம் தெரிஞ்சுது" என்றார்.

காருக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். எண்ணெயில் நனைத்த துணியைப் பிசினின் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு விரலால் ஒரு உருட்டு, சோப்புத் தண்ணீரால் ஒரு கழுவல். பெயின்டில் கீறல் விழாது. ஜெனரல் மேனேஜரின் டிரைவர் ஒருநாள் பிளேடை வைத்துச் சுரண்டுவதைப் பார்த்துவிட்டு லுங்கியோடு ஓடினார். "பிளேடக் கீழ போடும்வே. வண்டி என்ன ஒம்ம தாடையா, சவரம் பண்ணுதீரு?"

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. என் ராஜா நொண்டிக்கொண்டு வந்த நாள் வரைக்கும்.

ராஜா செம்பட்டை நிறத்து நாட்டு நாய். பலாப்பாலை மிதித்து, அதன்மேல் மண்ணை மிதித்து, சருகை மிதித்து, விரல்களுக்கு நடுவே உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டு வந்தது. நான் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கினேன். எதிர்வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது.

"சார், அதத் தொடாதீங்க. நக்கிட்டுன்னா கொடலு வெந்துரும்."

கேட்காமலேயே உள்ளே வந்து உட்கார்ந்தார். கடலை எண்ணெயை வெதுவெதுப்பாக்கி வரச் சொன்னார். ராஜாவின் காலை மடியில் போட்டு, ஒவ்வொரு விரலிடுக்கிலும் எண்ணெய் விட்டு, அது இளகும்வரை அதோடு பேசிக்கொண்டே இருந்தார். "ஏலே ராசா, கண்ணு எங்கலே இருந்துச்சு? சரி விடு. இன்னைக்கு கேண்டீன்ல சாம்பார்னு ஒன்னு ஊத்துனாம் பாரு, அத நீ கூட குடிக்க மாட்ட." நாய் காதை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தது. உருண்டைகள் ஒவ்வொன்றாய் வழுக்கிக்கொண்டு வந்தன. பிறகு எண்ணெய் போகக் கடலை மாவு தேய்த்து, வெந்நீரில் கழுவி, பழைய பனியனால் துடைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு லேத் வெங்கடப்பா சுவர் மேல் கையூன்றி முழுவதையும் பார்த்தார். "எண்ணெய் ஆச்சு, கடலை மாவும் ஆச்சு. அடுப்பு ஒண்ணுதான் பாக்கி சார், ராஜாவ பஜ்ஜி போட்டுரலாம்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்தது அதுதான் கடைசி. மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபோது ராஜா என்னைப் பார்த்து இரண்டு முறை வாலாட்டியது. பின்னாலேயே சைக்கிளில் வந்த அண்ணாச்சிக்கு எத்தனை முறை ஆட்டியது என்பதை என்னால் எண்ண முடியவில்லை. என்னால் எண்ண முடியாமல் போனது அது ஒன்றுதான்.

சோறு போடுவது நான். நான்கு பிஸ்கட், ஒன்று குறையாமல், கொடுப்பதும் நான். ஊசி போட கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். 'இங்கே வா' என்பதை நான் கன்னடத்தில் 'இல்லி பா' என்று சொன்னால் வரும். தமிழில் கூப்பிட்டால் யோசிக்கும். எதிர்வீட்டிலிருந்து "ஏலே" என்று அரைக் குரல் கேட்டால் போதும், தட்டில் இருக்கும் சோற்றை விட்டுவிட்டு ஓடும்.

"அவரு கைல என்னமோ இருக்குதுங்க" என்றாள் என் மனைவி.

"எண்ணெய் இருக்குது" என்றேன்.

"உங்க கைலயும் ஊத்திப் பாருங்களேன்."

பார்த்தேன். அடுத்த முறை ராஜாவை நானே பிடித்து உட்காரவைத்து எண்ணெய் விட்டேன். மாவு தேய்க்கும் முன்பே திமிறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, புதிதாகப் போட்ட மொசைக் தரையிலும் மனைவியின் விரிப்பிலும் எண்ணெய்க் கால்களைப் பதித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. "வா ராசா, பாதியில விட்டுட்டாரா?" என்று அங்கிருந்து கேட்டது.

அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ராஜா பாலை வேண்டுமென்றே மிதித்தது. மரத்தடியில் நல்ல தரை எவ்வளவோ கிடக்க, ஈரமாகச் சொட்டிய இடமாகத் தேடிப்போய் முன்னங்கால் இரண்டையும் வைத்தது. பிறகு நொண்ட ஆரம்பித்தது. நொண்டியபடியே தெருவைக் கடந்து அண்ணாச்சி வீட்டுப் படியேறியது.

நான் விடவில்லை. விடிந்ததும் சாம்பல் வாளியோடு போய்ப் பதினொரு மரத்தடியிலும் தூவிப் பெருக்கினேன். தெருவே என்னை மெச்சியது. "சார் பொதுச்சேவைல எறங்கிட்டாரு" என்றார் வெங்கடப்பா. தெரு சுத்தமானது. ராஜாவின் கால்களும் சுத்தமாயின. அந்தச் சுத்தமான காலோடு போய் அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி நீட்டியது என் நாய்.

"ஒன்னும் இல்லியேலே" என்று புரட்டிப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், இந்த மனிதருக்கு எப்படியாவது மாற்றல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அது பலித்த விதம் இப்படி. பெங்களூரில் மீட்டிங் என்று போய்வந்த ஜெனரல் மேனேஜரின் காரில் பிசின் ஒட்டியிருந்தது. கூப்பிட்டனுப்பினார்கள். அண்ணாச்சி பானெட்டைக் குனிந்து முகர்ந்தார். மேனேஜரும் அவர் மனைவியும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

"இது பலா இல்ல சார், மாம்பால். அதுவும் காய் பறிக்கிற தோப்புக்குள்ளயே வண்டி நின்னுருக்கு."

"பெங்களூர் ரோட்ல ஏதுங்க மாந்தோப்பு?" என்றார் அந்த அம்மாள்.

"அங்கன ஏதும்மா? தோப்புன்னா இந்தப் பக்கம், நாகரசம்பட்டிக்குப் போவணும்" என்றார் அண்ணாச்சி, மும்முரமாக எண்ணெய் தடவிக்கொண்டே.

மேனேஜர் தோப்பில் நண்பர்களோடு சீட்டாடியது அன்றைக்கே வெளியே வந்தது. அண்ணாச்சிக்கு மதுரைக் கிடங்குக்கு மாற்றல் உத்தரவு வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மேனேஜர் தாமாகவே நான்கு பேரிடம் சொன்னார்.

சாமான் ஏற்ற லாரி வந்த அன்று ராஜாவை பாத்ரூமில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது?

அண்ணாச்சி வந்தார். "மைனி, போயிட்டு வாரேன்" என்று என் மனைவியிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "ராசாவ ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன் சார்."

"அது எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்குது."

பாத்ரூமிலிருந்து ஊளை கிளம்பியது.

"ஊரு ஒங்க வீட்டுக்குள்ளயே இருக்கோ?" என்றார்.

என் மனைவிதான் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். அண்ணாச்சி கீழே உட்கார்ந்து நான்கு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்கீரு வே" என்றார். என்னை அவர் 'சார்' போடாமல் உரிமையோடு 'வே' என்றது அன்றைக்குத்தான். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் நாயைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

நாய் எனக்கே என்றானது. அடுத்த கோடையில் சாம்பல் தூவ எனக்குத் தோன்றவில்லை. ராஜா கால் நிறையப் பிசினோடு எதிர்வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் விரட்டினார்கள். திரும்பி வந்தது, என்னைத் தொடவிடவில்லை. எண்ணெயை வெதுவெதுப்பாக்கினேன், பிஸ்கட்டை நீட்டினேன், கன்னடத்தில் கெஞ்சினேன். உறுமியது. விரலிடுக்கில் ரத்தம் கசிந்திருந்தது.

வேறு வழி தெரியவில்லை. "ஏலே ராசா" என்றேன். என் வாயில் அது கோணலாகத்தான் வந்தது. "காலக் குடுலே. ஒன்னத்தாம்லே சொல்லுதேன்."

உறுமல் நின்றது. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தது. பிறகு மெதுவாகக் காலை என் மடியில் வைத்தது. பேச்சை நிறுத்தினால் காலை இழுத்துக்கொண்டது. அதனால் கேண்டீன் சாம்பாரைத் திட்டினேன், டிரைவரைத் திட்டினேன், மதுரை வெயிலைத் திட்டினேன், எல்லாம் அதே திருநெல்வேலிப் பேச்சில்.

சமையலறையிலிருந்து என் மனைவி காபி டம்ளரோடு வந்து நின்றாள். "அண்ணாச்சி எப்ப வந்தாரு?"

"யாரும் வரல" என்றேன்.

அவள் நம்பாமல் வாசல்வரை போய்த் தெருவை எட்டிப் பார்த்தாள். ராஜாவும் பார்த்தது. இரண்டு கையும் எண்ணெயாக இருந்ததால் எழுந்திருக்க முடியாமல், உட்கார்ந்தபடியே நானும் எட்டிப் பார்த்தேன்.