சனியன் ராஜா ஆன கதை

காதலர்களில் பல வகை உண்டு. அவற்றில் ஒரு வகையை மட்டும் நீங்கள் தேடிப் போகவே வேண்டாம். எதையாவது மூடப்போகிறார்கள், நிறுத்தப்போகிறார்கள், இடிக்கப்போகிறார்கள் என்று ஒரு செய்தி வரட்டும், தானாக வந்து நிற்பார்கள். கடைசி நாள் காதலர் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். இருக்கிறவரை எட்டிக்கூடப் பார்க்காத சினிமாக் கொட்டகையை மூடுகிற அன்று, வாசலில் நின்று மூக்கைச் சிந்துகிறவர்கள் இவர்கள்தான். இருக்கிற பொருள் மீது இவர்களுக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை. போகிறது என்று தெரிந்துவிட்டால் போதும், பாசம் பொத்துக்கொண்டு வரும்.

நம்முடைய மருந்துக்கடைக்காரர் இந்த இனத்தில் அசல் சரக்கு. அவர் வீடும் கடையும் விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தன. வால் பக்கம் மூன்று எஞ்சின்களைக் கட்டிக்கொண்டு, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, மொட்டைமாடித் துணிக்கொடியைத் தொடுகிறாற்போல் தினமும் காலையும் மாலையும் ஒரு பழைய பயணிகள் விமானம் அந்தத் தெருவுக்கு மேலே கிளம்பும். அது கிளம்பினால் கடை அலமாரியில் இருமல் மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று பல்லைக் கடிக்கும். வீட்டில் குழம்புக் கரண்டி தானாக நகரும். மற்ற விமானங்களும் அந்த வழியாகத்தான் போயின. ஆனால் அவையெல்லாம் மரியாதை தெரிந்த விமானங்கள்.

அதனால் அந்தத் தெருவில் பேசுகிற வழக்கமே வேறு. இரைச்சல் வந்ததும் பேசுகிறவர் எந்தச் சொல்லில் இருக்கிறாரோ அந்தச் சொல்லிலேயே நிற்பார். தையல்காரர் உதட்டில் குண்டூசியோடு நிற்பார். சண்டைக்காரர்கள் நீட்டிய விரலை மடக்காமல் நிற்பார்கள். இரைச்சல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடரும், வசவு உட்பட. மருந்துக்கடைக்காரர் மட்டும் தொடரமாட்டார். எந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லையோ அதன் நடுவில் விமானம் வந்தால், அது போவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போயிருப்பார்.

அவருக்குப் பிடிக்காத பேச்சு ஒன்றே ஒன்றுதான். அதை அவர் மனைவி பல வருஷமாகத் தொடங்கிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, இந்த இடது காதுல என்னமோ..."

விமானம். செருப்பு. கடை.

ஒருநாள் அவள் புத்திசாலித்தனமாக, விமானம் வருவதற்கு முன்பே பிடித்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாங்க. இடது பக்கம் பேசினா சரியாவே கேக்கலை."

"டாக்டர் எதுக்கு? எல்லாம் அந்தச் சனியனால வர்ற வினை. அது நின்னா காது தன்னால சரியாயிடும்" என்றார். சாயங்காலம் கடையிலிருந்து காதில் விடுகிற சொட்டு மருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும், "காது விஷயம் பாருங்க, விளையாடக் கூடாது" என்று திருப்பி அனுப்புகிற அதே மனிதர்தான்.

சனியனை நிறுத்த அவர் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெருவாசிகளின் சத்த எதிர்ப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். விமானம், அதைச் செய்தவன், ஓட்டுகிறவன், ஏறிப்போகிறவன் என்று ஒருவர் விடாமல் கரித்துக்கொட்டினார். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் காதில் அடைத்திருந்த பஞ்சு அவர் கடையில் வாங்கியது என்பது வேறு விஷயம்.

பிறகு ஒருநாள் செய்தி வந்தது. விமானத்துக்கு வயதாகிவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு சேவையிலிருந்து எடுக்கப்போகிறார்கள். மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? மிட்டாய் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? அடித்தார் பாருங்கள் ஓர் அந்தர் பல்டி! சத்த எதிர்ப்புச் சங்கம் அன்று மாலையே வழியனுப்பு விழாக் குழு ஆயிற்று. நாற்காலிகள் அதே நாற்காலிகள், தலைவரும் அதே தலைவர். சனியன் மட்டும் ராஜா ஆகிவிட்டது.

"ராஜா மாதிரி கிளம்பும் சார். இப்ப வர்றதெல்லாம் பிளேனா? சத்தமே இல்லாம திருடன் மாதிரி போகுது" என்று, தலைவலி மாத்திரை வாங்க வந்தவரைப் பிடித்து வைத்துக்கொண்டு அழாத குறையாகச் சொன்னார். "நிழலின் அருமை வெயிலில் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க?" தலைவலிக்காரர் இரண்டு மாத்திரை சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

அதோடு விட்டாரா? விமானத்தின் உறுமலைப் பதிவு செய்து கைப்பேசி மணியாக வைத்துக்கொண்டார். யாராவது அழைத்தால் கடையில் நிற்கிற நோயாளி துள்ளி விழுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலும் அதைப் போட்டுக் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு. மனைவி இடது காதைப் பொத்தியபடி அடுக்களைக்குள் போனாள். உணர்ச்சி தாங்காமல் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மைத்துனன், லிஃப்ட் பழுது பார்க்கிறவன், ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"மாமா, அந்த ராஜாவுல நீங்க ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?"

"போகாம? அந்த அனுபவமே தனிடா!"

அனுபவம் தனிதான். காது அடைக்கிறது என்று பணிப்பெண்ணோடு மல்லுக்கு நின்று மூன்று முறை இடம் மாறியதும், திரும்பும்போது உயிர் போனாலும் இதில் ஏறமாட்டேன் என்று ரயிலில் வந்து சேர்ந்ததும் எல்லாருக்கா கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் வீட்டு மொட்டைமாடியில் தெருவே கூடியது. தையல்காரர் வழியனுப்பு வாசகத்தோடு துணிப் பதாகை ஒன்று தைத்துக் கட்டியிருந்தார். மனைவி ஓர் ஓரத்தில், வலது காது கூட்டத்தின் பக்கம் இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உறுமல் எழுந்தது. துணிக்கொடி ஆடியது. கறுப்புப் புகையோடு ராஜா தலைக்கு மேல் போனார். பழக்க தோஷத்தால் அத்தனை பேரும் பாதிச் சொல்லில் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பிறகு அமைதி. அந்தத் தெரு அதுவரை கண்டிராத, கொஞ்சம் பயமாகக்கூட இருந்த அமைதி.

மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போச்சு. இனிமே அந்தச் சத்தத்தை ஜென்மத்துக்கும் கேக்க முடியாது" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"எனக்குக் கேக்குதே" என்றாள் மனைவி.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? அவளுக்கும் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கு!"

"மனசுல இல்லைங்க. காதுல. இந்த இடது காதுல, ராவும் பகலும், அதே சத்தம். நிக்கவே மாட்டேங்குது." கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தப்பித்திருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "பிளேன் நின்னா தன்னால சரியாயிடும்னீங்க. பிளேன் நின்னுடுச்சு. இப்ப டாக்டர்கிட்டப் போலாமா?"

மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பல வருஷத்தில் முதல் தடவையாக, பழி போட ஒரு சனியன் இல்லாமல், அவள் கேள்வி முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை முழுசாக அவர் காதில் விழுந்திருந்தது. தெருவே பக்கத்தில் நின்று பதிலுக்குக் காத்திருந்தது. செருப்போ மாடிப்படிக்குக் கீழே கிடந்தது.

"எல்லாரும் டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். யாரும் நகரவில்லை. "நாளைக்குக் காலையில போலாம்" என்றார் பிறகு, தரையைப் பார்த்து.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களைச் சொல்லவில்லை. ஆனாலும் நின்றுபோன எதையோ நினைத்துப் போன வாரம் நீங்கள் பெருமூச்சு விட்டீர்களே, அப்போது உங்கள் வீட்டில் யாரோ ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் திரும்பப் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கிறவரை மட்டும் தயவுசெய்து வானத்தைப் பார்க்காதீர்கள். அந்த விமானம் இனி வராது.