ஞானமேரியின் பெட்டியும் சாமியார் தெளித்த தீர்த்தமும்

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
ஏப்ரல் 1988

மகா கனம் பொருந்திய சம்பந்தி பிலவேந்திரன் அவர்கள் சமூகத்துக்கு, சவுரியப்பன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே மனுசர், மாடு, பட்டுப்புழு ஆகிய அனைவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும் பெங்களூரில் அதே சுகத்தோடு, புழு நீங்கலாக, இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

தாங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. அதில், "என் மகளுக்குச் சமையல் அவ்வளவாக வராது, எந்நேரமும் ஸ்குரு டிரைவரும் கையுமாக இருப்பாள், தாங்களும் சம்பந்தியம்மாளும் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஞானமேரி மேல் இல்லை, தங்கள் மேல். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், சாவகாசமாக உட்கார்ந்து படிக்கவும்.

கல்யாணம் முடிந்து அவள் இங்கே வந்தபோது சீர்ச் சாமானோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது ஞாபகமிருக்கும். அதைத் தூக்கிப் பார்த்த என் சம்சாரம் ரோசம்மாள், நல்ல கனம், வெள்ளிப் பாத்திரமாகத்தான் இருக்கும் என்று சந்தோசப்பட்டுத் திறந்தாள். திறந்தவள் அலறிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். உள்ளே கறுப்புக் கறுப்பாக, இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் வைத்த பூரான்கள். ஞானமேரி ஓடிவந்து, "அத்தை, அடிச்சிடாதீங்க, அது மைக்ரோ கண்ட்ரோலர்" என்றாள். "எதுவா இருந்தா என்ன, கடிக்குமா கடிக்காதா, அதைச் சொல்லு" என்றாள் இவள். அன்றைக்கு ஆரம்பித்தது மாமியார் மருமகள் சிநேகம்.

பட்டுப்புழு வளர்க்கிற எங்கள் மனை விசயம் தங்களுக்குத் தெரியும். போன கோடையில் வெக்கை தாங்காமல் புழு மொத்தமும் தட்டிலேயே செத்து, ரோசம்மாள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் சுருண்டு கிடந்தாள். இந்தக் கோடையும் அப்படிப் போச்சுன்னா மல்பெரிச் செடியை வேரோடு புடுங்கிடுறேன், இனி ஒரு சீவனை என் கையால சாகடிக்கமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சொல்லியும்விட்டாள். அதைக் கேட்டுத்தான் ஞானமேரி, "அத்தை, நான் ஒண்ணு செஞ்சு தரட்டுங்களா? மனைக்குள்ள எவ்வளவு வெக்கை, எவ்வளவு ஈரம்னு அதுவே பார்க்கும். வேணுங்கிறப்ப ஃபேனைப் போடும், சுத்தித் தொங்குற சாக்குல தண்ணி விடும், போதும்னா நிறுத்தும்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த பெங்களூர்க் கம்பெனியில் இதே மாதிரிதான் செய்துகொண்டிருந்தாளாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். காலமெல்லாம் லைன்மேனாகக் கம்பத்தில் ஏறி இறங்கியவன், வாய் சும்மா இருக்குமா? "இதுக்கு எத்தனை வோல்ட்டும்மா?" என்று கேட்டேன். "அஞ்சு மாமா" என்றாள். ஐந்து! அதெல்லாம் ஒரு கரண்டா, கொசு கடிச்சாக்கூட அதைவிட உறைக்குமே என்று சிரித்தேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் ஒரு பூரானைக் கையில் எடுத்துக் காட்டி, "இதுக்குள்ள ரெண்டு பேர் குடியிருக்காங்க மாமா. ஒருத்தர் வெக்கை கொஞ்சம் ஏறுது, கொஞ்சம் இறங்குதுன்னு நிதானமா பார்க்கிறவர். இன்னொருத்தருக்கு ஆமா, இல்ல, இந்த ரெண்டு வார்த்தைதான் தெரியும். அவர் பார்த்ததை இவருக்குப் புரியுற எண்ணா மாத்திச் சொல்றதுக்கும் உள்ளயே வழி வச்சிருக்கு" என்றாள். "நம்ம வூட்ல நானும் உன் அத்தையும் மாதிரியா?" என்றேன். "ஆமாங்க மாமா." "அதுல நான் யாரு?" அதற்கு மட்டும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

பூரானை உள்ளே வைத்து, ஃபேனை ஓட்டுகிற பெட்டி தயாரானது. முதல் நாளே தகராறு. ஃபேன் ஓட ஆரம்பித்தால் வெக்கைக் கணக்கு தவளை மாதிரி தாவுகிறது, ஃபேன் நின்றால் சரியாகிறது. ஆகா, நம் சங்கதி வந்துவிட்டது என்று நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, குழாய் இறக்கி, தலையில் மண்ணோடு வந்து, "எர்த்து போட்டாச்சு, இனி பாரு" என்றேன். அவள் பார்த்தாள். தவளை தாவிக்கொண்டே இருந்தது. "எர்த்து அருமையா இருக்குங்க மாமா, வேணும்தான். ஆனா இது வேற எர்த்து" என்றாள். எர்த்தில் என்ன வேற எர்த்து, ஆண்டவர் படைத்தது ஒன்றுதானே என்று நான் வாதாட, அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்து வாய்க்காலைக் காட்டினாள். "பம்புசெட்டுத் தண்ணி மொத்தமும் வர்ற வாய்க்கால்லயே ஒரு சின்ன குச்சியை நட்டு மட்டம் பார்த்தா நிக்குமா மாமா? ஃபேனுக்குப் போற கரண்டு பெரிய வாய்க்கால். வெக்கை பார்க்கிற கம்பி சின்ன வாய்க்கால். ரெண்டையும் தனித்தனியா விட்டு, தலைமடையில மட்டும் சேர்க்கணும்." அப்படியே கம்பியைப் பிரித்துப் போட்டாள், அங்கங்கே மிளகு அளவில் ஏதோ வைத்துப் பற்றவைத்தாள், தவளை அடங்கியது. சம்பந்தி, எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை. குழியை மூடாமல் விட்டதற்கு ரோசம்மாள் திட்டியது தனிக்கதை.

இன்னொரு வேடிக்கை. அந்தப் பூரானைச் சிப்பு என்கிறார்கள், அதன் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி சன்னல் இருக்கிறது. எப்போது என்ன செய்யவேண்டும் என்று அதற்குள் எழுதினதை அழித்து மாற்றி எழுதவேண்டும் என்றால் அந்தச் சன்னல் வழியாக ஒரு தனி விளக்கு காட்ட வேண்டுமாம். விளக்கு கம்பெனியில் இருக்கிறது. இவள் என்ன செய்தாள் தெரியுமா? மொட்டை மாடியில் வடகம் காயும் பாயில், ஓரமாக, கையிருப்பில் இருந்த இன்னொரு சிப்பைச் சன்னல் மேலே பார்க்க வைத்துவிட்டாள். ஒரு வாரம் நல்ல வெயில் பட்டால் எழுத்து அழிந்துவிடுமாம், அழிந்ததும் புதுசாக எழுதிக்கொள்ளலாமாம். ரோசம்மாள் குச்சியோடு உட்கார்ந்து காக்காய் விரட்டினாள். வடகத்துக்கு அவள் இவ்வளவு அக்கறை காட்டி நான் பார்த்ததில்லை.

இனிதான் பெரிய சோதனை. புழு நாலாவது தோலும் உரித்துவிட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் தின்கிற கட்டம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த நேரம் பார்த்து, தினமும் மத்தியானத்துக்கு மேல் பெட்டிக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. கொதிக்கிற கொதியில், மனை குளுகுளு என்று இருக்கிறது என்று நினைத்து ஃபேனை நிறுத்திவிடும். கொஞ்ச நேரத்தில் தானே தெளிந்துவிடும். நான் வோல்டேஜ் என்றேன். மகன் செபாஸ்டின் எலி என்றான். ரோசம்மாள், கண்ணு பட்டுடுச்சு, பக்கத்துக் காட்டுப் பெரியண்ணன் வந்து வாயைப் பொளந்து பார்த்துட்டுப் போனான் என்றாள். ஞானமேரி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். வெக்கை பார்க்கிற கம்பியை மாற்றினாள், கரண்டு கொடுக்கிற பெட்டியை மாற்றினாள், எழுதியதை வரி வரியாகப் படித்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, "தெரியலைங்க மாமா. ஆனா கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றாள். அவள் முகம் வாடிப்போயிருந்தது. ரோசம்மாளோ தட்டு தட்டாக விசிறிக்கொண்டு, புழுவிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

ஆகவே பங்குச் சாமியாரை அழைத்து மனையை மந்திரிக்கச் சொன்னோம். நல்ல காரியமாச்சே என்று செபாஸ்டின் அரூரிலிருந்து படம் பிடிக்கிற மாதேஸ்வரனையும் கூட்டிவந்துவிட்டான். சாமியார் செபம் சொல்லி, தீர்த்தத்தை நன்றாக விசிறித் தெளித்தார். மாதேஸ்வரன் பளிச்சென்று ஒரு படம் எடுத்தான். ஃபேன் நின்றுவிட்டது. சம்பந்தி, அந்த மனையில் அப்போது இருந்த அமைதியை நான் பெரிய வெள்ளிக்கிழமையில்கூடப் பார்த்ததில்லை. சாமியார் கையிலிருந்த தீர்த்தக் கிண்ணத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. ரோசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் ஞானமேரி கண்ணில் மட்டும் ஒரு பிரகாசம். பெட்டியை மறுபடி ஓடவிட்டுவிட்டு, கொஞ்சமும் பயமில்லாமல், "ஃபாதர், இன்னொரு தடவை தெளிங்க. அண்ணே, நீங்க படம் எடுக்காதீங்க" என்றாள். அவர் எட்ட நின்று தெளித்தார். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. "இப்ப நீங்க தெளிக்காதீங்க ஃபாதர். அண்ணே, எடுங்க." பளிச். ஃபேன் நின்றது. மறுபடி ஓடவிட்டாள். "இன்னொண்ணு." பளிச். நின்றது. மாதேஸ்வரன், "ஏம்மா, புழுவை மட்டும் எத்தனை படம் எடுக்கிறது, சாமி கண்ணை மூடிட்டாரு" என்று புலம்பினான். சாமியார் பெரிதாக மூச்சு விட்டு, "அப்ப தீர்த்தத்து மேல குத்தம் இல்லையே?" என்று கேட்டார். "உங்க மேல குத்தமே இல்லைங்க ஃபாதர், எல்லாம் வெளிச்சம்" என்றாள். வெளிச்சம் என்றதும் அவர் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு ஆமென் என்றுவிட்டார்.

விசயம் இதுதான். சிப்பின் சன்னல் மேல் வெளிச்சம் படாமல் அவள் ஒட்டியிருந்த சீட்டு, சாக்கு ஈரத்தில் ஊறிக் கழன்று விழுந்திருக்கிறது. பெட்டி சூடாகிறதே என்று மூடியையும் திறந்து வைத்திருந்தோம். மத்தியானம் சாய்கிற வெயில், கூரையில் இருக்கிற கண்ணாடி ஓட்டு வழியாக நேராக அந்தச் சன்னலுக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே நிதானமாகப் பார்க்கிற ஆளுக்குக் கண் கூசிப்போய் கணக்கு தப்பியிருக்கிறது. வெயில் பட்டு அந்தச் சிப்பின் எழுத்து மங்கியிருக்குமோ என்று, மாடியில் காய்ந்த சிப்பில் புதிதாக எழுதி மாட்டி, சன்னல் மேல் கறுப்பு இன்சுலேசன் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டினாள். ரோசம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன் கண்ணு பட்டிருக்குன்னு, இப்பத்தானே திருஷ்டிப் பொட்டு வைக்கிறீங்க" என்றாள். ஞானமேரி என்ன சொன்னாள் தெரியுமா? "ஆமாங்க அத்தை, நீங்க சொன்னது சரிதான்." இப்படிப்பட்ட பெண்ணைத்தான் பொறுத்துக்கொள்ளச் சொல்லித் தாங்கள் எழுதினீர்கள்!

அதற்கப்புறம் வந்த வெக்கையில் ஊரில் ஆடு மாடு நாக்கைத் தொங்கப்போட்டன. எங்கள் புழு அசரவில்லை. எல்லாம் சந்திரிகைத் தட்டில் ஏறிக் கூடு கட்டிவிட்டது. ரோசம்மாள் ஒரு கூட்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே புழு உருளுகிற சத்தம் கேட்டதும் மருமகள் கன்னத்தைத் தடவினாள். பெரியண்ணன் தன் மனைக்கும் ஒரு பெட்டி கேட்டு, முந்தாநாள் கோழியோடு வந்திருந்தான்.

இப்போது கடிதத்தின் காரியத்துக்கு வருகிறேன். ஓசூரில் ஒரு கம்பெனி, இப்படிப் பெட்டி வடிவமைக்கிற வேலைக்கு ஞானமேரியைக் கூப்பிட்டிருக்கிறது. அவள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும், ரோசம்மாள் தாங்கமாட்டாள், எனக்கும் வாதாட ஆள் இல்லை. நான் தடுத்தால் மாமனார் குணத்தைக் காட்டிவிட்டான் என்று ஊர் பேசும். ஆகவே தாங்கள் தகப்பன் முறையில், "போகவேண்டாம் தாயி, இங்கேயே இரு" என்று அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடவும். கொல்லையில் அவளுக்கென்று தனி அறை கட்டித் தருகிறேன், கண்ணாடி ஓடு இல்லாமல்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். வேளாங்கண்ணி மாதா தங்கள் குடும்பத்தை வெயிலிலும் மழையிலும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
சவுரியப்பன்

பின்குறிப்பு: கவர் ஒட்டப் போகும்போது ரோசம்மாள் வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "உங்களை யாரு இதெல்லாம் எழுதச் சொன்னது? அவ வேலைக்கு வர்றேன்னு கம்பெனிக்குப் பதில் போட்டாச்சு. செபாஸ்டினும் ஓசூருக்கு மாத்தல் கேட்டிருக்கான். நானும் கூடப் போறேன், பொறக்கப்போற புள்ளையை யாரு பார்த்துக்கறது? நீங்க இருந்து புழுவைப் பாருங்க" என்கிறாள். ஆகவே மேலே கேட்டுக்கொண்டதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும், புகழ்ந்ததை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளவும். பிள்ளை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்ததில், ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம். சம்பந்தியம்மாளுக்குப் போன மாதமே தெரியுமாம். நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.