லண்டன் பட்டியலும் பாவூர்சத்திரம் வெங்காய மண்டியும்

உலகத்தில் பலர் உட்கார்ந்த இடத்திலேயே முட்டாளாகிறார்கள். நான் மெனக்கெட்டு பஸ் ஏறிப் போய், ஒரு சந்தையையே துணைக்குச் சேர்த்துக்கொண்டு முட்டாளானவன்.

எழுபதுகளின் கடைசி. தென்காசியில் எங்கள் சர்ச் தெருப் பையன்கள் மூன்று பேர் ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தோம். என் கிடாரில் நாலு கம்பி (ஆறு இருக்க வேண்டும் என்பது பின்னால்தான் தெரியும்). ஒத்திகைக்குக் குற்றாலம் போவோம். அருவி இரைச்சலில் நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்காது. அதனால் பிரமாதமாக வாசிக்கிறோம் என்ற நம்பிக்கை குறையவே இல்லை.

எங்களுக்குப் போட்டி என் சொந்த அக்கா எஸ்தர். அவளும் தோழிகளும் ஆர்மோனியம் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பாப் பாட்டுகளை இனிக்க இனிக்கப் பாடுவார்கள். கிறிஸ்துமஸ் மாலை விழாவில் இங்கிலீஷ் பாட்டுக்கு ஒரே ஓர் இடம். இரண்டு கோஷ்டியும் அடித்துக்கொண்டதில் விழாச் செயலாளர் தேவசகாயம் அண்ணாச்சிக்குத் தலைவலியே வந்துவிட்டது.

லண்டன் ரேடியோவில் வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் வாரத்து முதலிடத்துக்கு அங்கே ராக் கோஷ்டிகளுக்கும் பாப் கோஷ்டிகளுக்கும் குடுமிப்பிடிச் சண்டை (ராக்காரர்களுக்குத் தலைமுடியும் அதற்கு வசதியாக நீளம்). அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கன ராக்கு, பாப்பு ரெண்டுல எது மொதல்ல வருதோ, அதையே இங்கனயும் பாடுங்க. என்னை ஆளை விடுங்க."

நான் யோசித்தேன். வினை அங்கேதான் ஆரம்பம். நம் ரேடியோவில் நேயர் விருப்பம் எப்படி? கடிதம் போடுகிறோம், பெயர்களை வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுகிறார்கள். லண்டன்காரன் மட்டும் வேறு மாதிரியா செய்யப்போகிறான்? யாருக்கு அதிகப் பெயரோ அவர்களுக்கே முதலிடம்!

தென்காசியில் பெயர் சேர்த்தால் எஸ்தர் காதுக்குப் போய்விடும். ஆகவே பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போனேன். வெங்காய மண்டி முருகையா அண்ணாச்சிக்கு உடனே ஆசை வந்துவிட்டது.

"என் பேரை லண்டன்ல வாசிப்பானாலே?"

"கண்டிப்பா வாசிப்பான் அண்ணாச்சி."

"அப்போ வீட்டுக்காரி பேரையும் போடு. கொழுந்தியாளை விட்டா கோவிச்சுக்கிடுவா, அவளையும் எழுது."

மூட்டை தூக்குகிறவர்கள், டெம்போ டிரைவர்கள் எல்லாரும் வரிசையில் வந்தார்கள். கத்தரிக்காயோடு பஸ்ஸில் வந்திறங்கிய அச்சன்புதூர்க்காரர் ஒருவர் தன் இரண்டு காளைகளின் பெயரையும் கொடுத்தார். ஒன்பது முழுத் தாள். விமானத் தபாலில் அனுப்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம், மண்டித் தராசுத் தட்டில் ரேடியோ, சுற்றிலும் சந்தை. கொழுந்தியாள் பட்டுச்சேலையில் வந்திருந்தாள். தோற்பதை நேரிலேயே பார்க்கட்டும் என்று எஸ்தரையும் கூட்டிப் போயிருந்தேன்.

இருபதாவது பாட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "இப்ப வருமாலே?" என்று சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். வரவில்லை. ராக்குக்கு இரண்டாமிடம். முதலிடம் பாப்புக்கு. அப்புறம் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டான். மனிதர் பெயரும் இல்லை, மாட்டுப் பெயரும் இல்லை.

"என் பேரு எங்கலே?" என்றார் முருகையா அண்ணாச்சி.

"தபால் லேட்டாயிருக்கும் அண்ணாச்சி..."

"என்ன தபால்?" என்றாள் எஸ்தர். சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே சாமு, இது நேயர் விருப்பம் இல்லலே. அந்த ஊர்க் கடைகள்ல எந்த ரிக்கார்டு நெறைய விக்குதோ, அது மொதல்ல வரும். அவ்வளவுதான்."

நான் விழித்தேன். முருகையா அண்ணாச்சிக்கு நொடியில் விளங்கிவிட்டது.

"அப்படிச் சொல்லு தாயி! இன்னைக்கு வெங்காயம் எத்தனை மூட்டை போச்சு, தக்காளி எத்தனை கூடை போச்சுன்னு பாக்க மாதிரி."

சந்தை மொத்தமும் தலையாட்டியது. எனக்கு மட்டும் "அப்போ கடுதாசி போட்டவங்க கதி?" என்ற குழப்பம் தீரவில்லை. கொழுந்தியாள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கிறிஸ்துமஸ் மாலை எஸ்தர் கோஷ்டிதான் பாடியது. விஷயத்தை விளங்கவைத்த பிள்ளை பாடுகிறதென்று முருகையா அண்ணாச்சி சந்தை ஆட்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். இடம் போதவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி சுமந்தது எங்கள் ராக் பேண்ட். அதுதான் நாங்கள் மூவரும் தாளம் தப்பாமல் சேர்ந்து செய்த ஒரே காரியம்.

நாற்காலி சுமக்கிற அந்த வேலை எனக்கே நிலைத்துவிட்டது, கேலியும்தான். இன்றும் வீட்டில் யாருக்காவது ஏதாவது தேர்தல், போட்டி என்றால், "சாமுட்ட சொல்லு, லண்டனுக்கு எழுதிப் போடுவான்" என்கிறார்கள். இப்போது விழாச் செயலாளர் எஸ்தர். போன டிசம்பரில் துணிந்து கேட்டுப் பார்த்தேன்.

"அக்கா, இந்த வருஷமாவது ஒரே ஒரு ராக் பாட்டு...?"

"கடைசி வரிசைல ரெண்டு நாற்காலி குறையுது."