எட்டுச் சனிக்கிழமைக் கலைஞானி

சமகாலக் கலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களும் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இனம் உண்டு: எட்டுச் சனிக்கிழமை அறிமுக வகுப்புக்குப் போய்வந்த இனம். துனிஸில் எந்தக் கண்காட்சி வாசலிலும் இவர்களைப் பார்க்கலாம். நான் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. எங்கள் வீட்டு உள்ளறையில் ஒருவர் குடியிருக்கிறார். பெயர் வஜ்தி. என் தம்பி. வயது இருபத்திரண்டு, பொருளாதாரம் படிக்கிறான்.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. எந்தப் பொருளையும் இரண்டு மீட்டர் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். வலக்கை மோவாய்க்குப் போகும், இடக்கை வலது முழங்கையைத் தாங்கும், தலை ஒரு பக்கம் சாயும், கண் சுருங்கும். எட்டு நொடி கழித்து மூக்கு வழியாக ஒரு 'ம்' வரும். அந்த 'ம்'முக்கு அர்த்தம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மூன்று வாக்கியங்களில் ஏதாவது ஒன்று விழும். 'இது எதைக் கேள்வி கேக்குது?' அல்லது, 'பிடிச்சிருக்கா இல்லையாங்கறது விஷயமே இல்ல.' அதையும் மீறி நீங்கள் வாதாடினால், 'அதுதான் விஷயமே.'

மூன்றாவது வாக்கியத்துக்கு உலகத்தில் பதிலே கிடையாது. முயன்று பார்த்தவள் சொல்கிறேன்.

அவன் எப்போதும் இப்படி இருந்தவனில்லை. முதல் சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தபோது சமையலறை வாசலில் வெகுநேரம் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றான். என்னடா என்று அம்மா கேட்டாள்.

"ஒரு படம் காட்டினாங்கம்மா. ஒரு அறை முழுக்கப் பறவைக் கூண்டு. ஒண்ணுலயும் பறவை இல்ல. எல்லாக் கதவும் திறந்து கிடக்கு. அவ்வளவுதான்."

"அதுக்கென்ன?"

"தெரியல. தொண்டையை அடைச்சுது."

அன்று அவனிடம் வார்த்தை இல்லை. நான்காவது சனிக்கிழமைக்குள் நிறையச் சேர்ந்துவிட்டது. வகுப்பு எடுத்த இன்ஸாஃப் மேடத்தைக் குறை சொல்லமாட்டேன். ஒருமுறை நான் உதவியாளராக இருக்கும் பல் மருத்துவரிடம் சிகிச்சைக்கு வந்தார். அமைதியான பெண்மணி. 'உங்க தம்பி நல்லாப் பார்க்கிறான், ஆனா சீக்கிரம் பேசிடறான்' என்றார். அதற்குள் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டதால் மேற்கொண்டு சொல்ல முடியவில்லை.

வீட்டில் நிலைமை மோசமானது. தெருவில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பிடித்துவைக்க எதிர்வீட்டுக்காரர் மூன்று கால் நாற்காலியும் பெயின்ட் டப்பாவும் போட்டுவைப்பார். வஜ்தி அதன் முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி நின்றான். அவர் மாடியிலிருந்து கத்தினார்: "தம்பி, அதை எடுக்கலாம்னு பார்க்கிறியா?" இவன் சொன்னான்: "இல்லைங்க, இது சொந்தம்ங்கறதையே கேள்வி கேக்குது." அவர் அன்றிரவே நாற்காலியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை குஸ்குஸுக்கு அம்மா விடியற்காலை எழுந்து கோதுமை ரவையை ஆவியில் மூன்று முறை வேகவைப்பாள். பூசணியும் ஆட்டிறைச்சியுமாகத் தட்டு வந்தது. எப்படியிருக்கு என்று கேட்டாள்.

"நல்லாருக்கா இல்லையாங்கறது விஷயமே இல்லம்மா. இது என்னை என்ன கேக்குதுன்னு யோசிக்கிறேன்."

"உப்புப் போதுமான்னு கேக்குது. பதில் சொல்லிட்டுத் தின்னு."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். நானும் சிரித்தேன், என் கல்யாணப் பேச்சில் அவன் வந்து நிற்கும்வரை.

மாஹெரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹல்க் அல் வாதித் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவர். கடைவாய்ப்பல் உடைந்து எங்களிடம் வந்தார். மூன்று முறை வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை, வாயில் கருவி இருந்தது. நான்காவது முறை கருவி இல்லை, அப்போதும் பேசவில்லை. ஆனால் போகும்போது எங்கள் வாசல் கதவின் கீல் கிறீச்சிடுவதைக் கேட்டு, பையிலிருந்து எண்ணெய் எடுத்து இரண்டு சொட்டு விட்டுவிட்டுப் போனார். எனக்கு முப்பத்தொரு வயது. பேசுகிற ஆண்களைப் போதுமான அளவு கேட்டிருக்கிறேன். இவரே போதும் என்று முடிவுசெய்தேன்.

அவருடைய அம்மா தலீலா மின்கட்டண அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுவாரம் தூரிகையை வாங்கினார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நல்லபடியாகப் போயிற்று. அம்மா அவரைச் 'சம்பந்தி' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இரண்டாம்முறை வந்தபோது படுக்கைவிரிப்பில் சுற்றி ஒரு பெரிய பொருளை மாஹெர் தூக்கிவந்தார். பிரித்தால் ஓவியம். காலைநேரத்துக் கடல், நடுவில் ஒரு படகு. அவரே வரைந்தது. எங்களுக்குப் பரிசு.

அம்மா 'மாஷா அல்லாஹ்' என்றாள். நானும் சொன்னேன். அப்பா வழக்கம்போல் கெஃப் ஊருக்கு வண்டியோட்டிப் போயிருந்தார், இருந்திருந்தால் அவரும் சொல்லியிருப்பார். ஓவியத்தை சோபாவில் சாய்த்துவைத்தோம். வஜ்தி இரண்டு மீட்டர் தள்ளிப் போனான். எங்கள் கூடத்தின் அளவுக்கு இரண்டு மீட்டர் என்றால் பால்கனி. பால்கனியில் நின்று, கை மோவாய்க்குப் போய், தலை சாய்ந்து, கண் சுருங்கி, எட்டு நொடி ஆயிற்று.

"என்ன தம்பி, நீ கலை படிக்கிறவனாமே. சொல்லு" என்றார் தலீலா. ஆசையாகத்தான் கேட்டார்.

"இது எதையும் கேள்வி கேக்கலையே அத்தை."

தேநீர்க் கோப்பையில் மிதந்த பைன் கொட்டையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் எதுக்குப்பா கேள்வி கேக்கணும்? முப்பத்திரண்டு வருஷம் ஊர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிச்சிட்டுத்தான் பிரஷ்ஷைக் கையில எடுத்தேன்."

"இல்ல அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. பிடிச்சிருக்கா இல்லையாங்கறது விஷயமே இல்ல..."

"அப்ப எதுதான் விஷயம்?"

அல்லா, இவன் வாயைக் கட்டு என்று நான் உள்ளுக்குள் வேண்டினேன். அன்றைக்கு அங்கே கூட்டம் அதிகம் போலிருக்கிறது.

"அதுதான் விஷயமே" என்றான் வஜ்தி.

கால்மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். ஓவியத்தை எடுத்துப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை. விட்டுவிட்டுப் போனார்கள். கோபத்தோடு விட்டுப்போன பரிசு நீதிமன்ற அழைப்பாணை மாதிரி சோபாவில் உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஒன்பது நாள் போன் வரவில்லை. பத்தாம் நாள் மாஹெரிடமிருந்து செய்தி: 'அம்மா யோசிக்கிறாங்க.' மாமியார் ஆகப்போகிறவர் யோசிக்க ஆரம்பித்தால் எங்கள் ஊரில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கமாட்டார்கள். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாவது மட்டும் பொய்.

அம்மா தீர்ப்புச் சொன்னாள். "அக்காவைக் கூட்டிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா. அங்க வாயைத் திறக்காத."

"வாயைத் திறக்காம எப்படிம்மா மன்னிப்புக் கேக்கறது?"

"அது உன் பாடு. என் பொண்ணு வாழ்க்கை உன் நாக்குல தொங்குது, ஞாபகம் வெச்சுக்க."

மக்ரூத் இனிப்பு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு கடலோர ரயிலில் ஏறினோம். ஏரியைத் தாண்டும்வரை அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, நான் சொன்னது தப்பில்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏன் போறோம்?"

"எனக்குக் கல்யாணம் ஆகணும்."

அதற்கு அவன் 'அதுதான் விஷயமே' என்று சொல்லவில்லை. இதைக் கவனித்துக்கொண்டேன்.

தலீலாவின் சமையலறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓவியப் பலகை நின்றது. சுவர் முழுக்கக் கடல். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. எல்லாவற்றிலும் அதே கரை, அதே காலை, அதே படகு. மக்ரூத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்குங்க அத்தை" என்றான் வஜ்தி.

"எதுக்கு?"

"அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கு."

"நீ எப்படிப் பேசினேன்னு எனக்கு இன்னும் புரியல. பத்து நாளா யோசிச்சேன். திட்டுறியா, புகழுறியா, ஒண்ணும் விளங்கல. திட்டியிருந்தா அன்னைக்கே திருப்பித் திட்டிட்டு வந்திருப்பேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் மேசைமேல் வைத்த விதத்தில் ஜன்னல் ஒன்று இறங்கிவந்து அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றமாதிரி இருந்தது. "இங்க ரெண்டு பதில்தான் வாங்குவோம். பிடிச்சிருக்கு, பிடிக்கல. எதையாவது ஒண்ணைச் சொல்லிட்டு நகரு."

வஜ்தி பின்னால் நகர்ந்தான். சமையலறையில் இரண்டு மீட்டர் கிடையாது, குளிர்பெட்டி முதுகில் இடித்தது. கை மோவாய்க்குப் போய்ப் பாதியில் இறங்கிவிட்டது. பிறகு, எட்டு வாரத்தில் நான் பார்த்தேயிராத ஒரு காரியம் செய்தான். முன்னால் போனான். மூக்கு துணியில் ஒட்டுமளவுக்குக் குனிந்து ஒரு படத்தைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். பதினான்கையும் பார்த்தான். தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து அடங்கிவிட்டது.

"பிடிக்கல" என்றான்.

என் கல்யாணம் அந்தச் சமையலறைத் தரையில் விழுந்து உருண்டு இயந்திரத்துக்கு அடியில் போவதைப் பார்த்தேன்.

"எது பிடிக்கல?" தலீலாவின் குரல் கட்டணம் கட்டாதவர்களிடம் பேசுகிற குரலாக இருந்தது.

"படகு. தண்ணி மேல கொண்டுவந்து வெச்ச மாதிரி இருக்கு. தண்ணியில கிடக்கற மாதிரி இல்ல."

"கடல்?"

"கடல் பிடிச்சிருக்கு." கொஞ்சம் தயங்கினான். காது சிவந்தது. "ரொம்பப் பிடிச்சிருக்கு. அன்னைக்கே பிடிச்சிருந்துது. பார்த்ததும் தொண்டையை அடைச்சுது."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"அப்படியெல்லாம் சொன்னா ஒண்ணும் தெரியாதவன்னு நெனைப்பாங்கன்னு..."

தலீலா எழுந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். ஓவியப் பலகையைத் தன் பக்கம் திருப்பி முறைத்தார்.

"படகு சரியில்லன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா சரியில்ல. இத்தனை பேர் வந்து போறாங்க, அழகு அழகுன்னுட்டுத் தின்னுட்டுப் போறாங்க. ஒருத்தர் சொல்லணுமே." தூரிகையை அவனிடம் நீட்டினார். "இந்தா, நீ சரிபண்ணு."

"எனக்கு வரையத் தெரியாது அத்தை."

"எட்டு வாரம் போனியே."

"வரையச் சொல்லித் தரமாட்டாங்க."

"வேற என்னதான் சொல்லித் தந்தாங்க?"

வஜ்தி யோசித்தான். அவன் முகத்தில் அப்படியொரு நேர்மையை நான் கண்டதில்லை. "பார்க்கறதுக்கு" என்றான். "நான் கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சிருக்கேன்."

அந்த நேரம் மாஹெர் வந்தார், கை முழுக்க கிரீஸ். என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு பாதுகாப்பாகச் சோப்பைப் பார்த்தார்.

"டேய், இந்தப் படகுல என்ன கோளாறு?" என்றார் தலீலா.

மாஹெர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அரை நொடி. "இன்ஜின் பின்னாலதானேம்மா இருக்கும். பின்பக்கம் ஒரு சாண் தாழணும். மூக்குத் தூக்கணும்."

தலீலா படகின் பின்பக்கத்தில் விரலை வைத்து அளந்தார்.

"இதை நீ எப்ப கவனிச்சே?"

"முதல் படத்துலயே."

"ரெண்டு வருஷமா ஏண்டா சொல்லல?"

"நீ எப்படியிருக்குன்னுதானே கேட்டே. நல்லாருக்குன்னு சொன்னேன்."

தலீலா மகனை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "ஹாஜர், இவனைக் கட்டிக்கிட்டா எதையும் நேராக் கேட்டுத்தான் வாங்கணும், சொல்லிட்டேன்" என்றார். அப்படித்தான் என் கல்யாணம் நிச்சயமாயிற்று. மக்ரூத் பெட்டி அப்போதுதான் திறக்கப்பட்டது.

கோடையில் கல்யாணம் நடந்தது. வஜ்தி திருந்திவிட்டான் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் நிலை வகுப்பில் சேர்ந்திருக்கிறான், பன்னிரண்டு சனிக்கிழமை. அங்கே கற்றுவந்த புதிய வாக்கியங்களை நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி என் மாமியார் வீட்டுக்கு வந்துவிடுகிறான். இருவரும் ஓவியப் பலகை முன்னால் நின்று கடுமையாகச் சண்டைபோடுகிறார்கள். போன வாரம் மேகத்தை முன்னிட்டு இரண்டு மணிநேரம் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த இனத்தைப் பற்றி நான் செய்த ஆராய்ச்சியில் ஒரே ஒரு சிக்கல். வகுப்புக்குப் போனவர்களை மட்டும் கணக்கெடுத்திருந்தேன். 'மாஷா அல்லாஹ்' என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குக் கைநீட்டிய என்னை எங்கே சேர்ப்பது? இரண்டு வருஷம் படகைப் பார்த்துவிட்டுச் சோறு தின்ற என் வீட்டுக்காரரை? எங்களுக்கு ஒரு சனிக்கிழமைகூடத் தேவைப்படவில்லை, பாருங்கள்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது. உங்கள் நண்பர் ஒருவர் பிறந்து மூன்றே நாளான தன் குழந்தையின் படத்தைப் போனில் காட்டினாரே, கண் கலங்க, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு. அந்த நேரத்தில் 'வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு' என்று சொன்னது யார் என்று மட்டும் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள்.