ஸ்ட்ரெச்சர் மேடம் தள்ளிய வண்டி

எமனையே வாசலில் நிறுத்தி, "பார்வையாளர் நேரம் சாயங்காலம்தான், அப்புறமா வா" என்று திருப்பி அனுப்பக்கூடிய ஆள் கடலூர் மாவட்டத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஸ்ட்ரெச்சர் மேடம்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன். மேடம் அங்கே நர்சுகளுக்கெல்லாம் சூப்பிரண்டு. தினமும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருவார். அவர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே எங்கள் வார்டில் நர்சுகள் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள்.

மற்ற அதிகாரிகள் நடந்து சோதனை பார்ப்பார்கள். இவர் படுத்துக்கொண்டு பார்ப்பார். திங்கட்கிழமை காலையில் காலி ஸ்ட்ரெச்சரில் ஏறி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "ம், தள்ளு" என்பார். நான் பயந்து பயந்து தள்ளுவேன்.

"இந்த லைட்டு கண்ணக் குத்துது. அங்க ஒட்டடை. இப்ப எங்க குலுங்குச்சு?"

"தெரியல மேடம்."

"தள்ளுற ஒனக்கே தெரியாதா? வாயத் தொறந்து சொல்லுய்யா! பாதி தரை குலுக்குது, பாதி நீ குலுக்குற!"

ஒருநாள் கம்மாபுரத்து அம்மா ஒருத்தி, மேடம் கண்ணை மூடிப் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஊசி போடுற அம்மாவே போயிட்டாங்களே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். மேடம் எழுந்து உட்கார்ந்தார். "போறதுக்கு எனக்கு ஏதும்மா நேரம்?" அந்த அம்மா மயங்கி விழ, அதே ஸ்ட்ரெச்சரில்தான் அவளைத் தூக்கிப் போட்டோம்.

எக்ஸ்ரே ரூம் வாசப்படி உயரமாக இருந்தது. ஸ்ட்ரெச்சர் அதில் இடிக்கும்போதெல்லாம் கால் உடைந்தவர்கள் அலறுவார்கள். மேடம் மேலே சொல்லிச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. ஒருநாள் பெரிய டாக்டரிடமே, "சார், கொஞ்சம் படுங்க" என்றார். அவருக்கும் மேடத்திடம் பயம்தானே, படுத்துவிட்டார்.

"வேகமா தள்ளு" என்றார் என்னிடம்.

படியில் மோதியதும் டாக்டர் "அம்மா!" என்று கத்தியது வெளிவாசல் வரை கேட்டது. அந்த வாரமே படியை இடித்துச் சிமெண்டால் சரிவு போட்டார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் குடலிறக்கத்தை மறைத்து வைத்திருந்தேன். ஆபரேஷன் என்றால் எனக்கு அவ்வளவு பயம். தியேட்டருக்குள் நான் தள்ளிவிட்ட சிலரை, முகம் மூடி நானே வெளியே தள்ளி வந்திருக்கிறேன். நான் போய்விட்டால் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை, படுத்தபடியே மேடம் சொன்னார்: "நிறுத்துய்யா. வண்டி ஒரு பக்கமா இழுக்குது. ஒனக்கு எங்க வலிக்குது?"

"இல்ல மேடம்..."

"எங்கிட்டயே பொய்யா? கை அடிவயித்துல இருக்கு. குடல் முறுக்கிக்கிச்சுன்னா அப்ப தெரியும் ஒனக்கு!"

நான் மறுப்பதற்குள் என் மச்சானுக்குப் போன் பறந்துவிட்டது. அவன் வந்து, ஆபரேஷனுக்குச் சேர்க்கும்வரை என்னை அசையவிடாமல் பிடித்துக்கொண்டான்.

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்தேன். இத்தனை வருஷம் தள்ளிய வராண்டாவில் மேற்கூரையை அன்றுதான் பார்த்தேன். ஓர் ஒட்டடை இல்லை. யார் தள்ளுகிறார்கள் என்று அண்ணாந்து பார்த்தால், மேடம்!

"மேல பாருய்யா. எங்க குலுங்குதுன்னு சொல்லிக்கிட்டே வரணும்."

நான் பயத்தோடு பயமாகக் குலுக்கலைத் தேடிக்கொண்டே போனேன். தியேட்டர் வாசலில் மேடம் நின்றார். "வெளிய வந்ததும் மறுபடியும் கேப்பேன். பதில் சொல்லணும், ஆமா."

மருந்து மயக்கத்தோடு வெளியே வந்தபோதும் அவர்தான் தள்ளினார். மேடத்துக்கு அதிகாரம் பண்ணத் தெரியும், வண்டி தள்ளத் தெரியாது. கதவில் ஒரு இடி, சுவரில் ஒரு இடி. தையல் போட்ட இடம் சுரீர் என்றது.

"என்னய்யா, எங்கயாச்சும் குலுங்குச்சா?"

குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"இல்ல மேடம். எங்கயும் குலுங்கல."

அவரிடம் நான் பயப்படாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.